மரமா, கல்லா?

“ஒரே வார்த்தையில சொல்லு காசி. இது மரமா, கல்லா?”

ஆம்பூர் டேனரியில் மெருகுக் கொட்டகை மேஸ்திரி இஷ்தியாக் அகமது இப்படிக் கேட்டதும் காசிக்குத் தலை சுற்றியது.

“உள்ளங்கை அகலத்துக்கு வழவழன்னு ஒரு கல்லு தேய்ச்சுக் கொண்டா. சரியா இருந்தா அடுத்த திங்கக்கிழமையே உன்னை இங்க இழுத்துக்கறேன்” என்று போன மாசம் சொன்னவரும் அவர்தான். ஆறு வருஷமாகச் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

தோலுக்கு மெருகேற்றத்தான் கல் என்று நினைத்தான் காசி. மாமியார் ஊர் திருவக்கரைப் பக்கம். அங்கே ஓடைச் சரிவில் கிடந்த கல்மரத் துண்டுகளில் நல்லதாகப் பொறுக்கி வந்து, பட்டையைப் பெயர்த்து, கருங்கல் பலகையில் குருந்தக்கல் பொடி போட்டு இருபது நாள் தேய்த்தான். விரல் நுனி உரிந்தது. கல்லில் முகம் தெரிந்தது.

“ஒரு காலத்துல மரம்தான் பாய். மண்ணுல பொதைஞ்சி கல்லாயிடுச்சி. வளையத்தைப் பாருங்க, வேலூர் துரைங்க இதுக்குத்தான் அலையறாங்க.”

“அப்ப மரம்.”

“இல்ல பாய், கல்லு! உளி பட்டா தீப்பொறி பறக்குது.”

“வளையம் இருக்குதே.”

“அதானே அழகு!”

“அழகை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?”

காசிக்குப் பேஜாராகிவிட்டது. “தோல் தேய்க்கிற கல்லுக்குப் பூர்வீகம் கேக்கறீங்களே, பொண்ணா எடுக்கப்போறீங்க?”

கொட்டகையே சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. காசியின் கோணிப்பையிலிருந்து, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகியிருந்த கருங்கல் பலகையை உருவினார்.

“இது?”

“அதுமேலதான் இதைத் தேய்ச்சேன். வெறும் கருங்கல்லு.”

“எப்பவும் கல்லுதானே?”

“பின்ன?”

“இது போதும்” என்று மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

அந்தப் பலகையைக் கையில் பிடித்துத் தோல் தேய்க்கவே முடியாது. இருபது நாள் பாடு குப்பையா? கிழவருக்கு மூளை பிசகிவிட்டதா?

தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. மற்றவர்கள் கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்கள். மேஸ்திரி மட்டும் ஆவாரம்பட்டை அடுக்கிய அறைக்குள் நுழைந்தார். காசி பின்னாலேயே போனான்.

அவர் கைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கல் உராயும் சூட்டுக்கு மெருகுக்காரர்கள் எல்லோரும் சுற்றும் துணிதான். உள்ளே நகமே இல்லை; விரல்கள் பச்சைப் புண்ணாக இருந்தன. இரண்டு உள்ளங்கையையும் கல்லில் மெல்லப் பதித்து முகத்தைத் தடவினார்.

“தண்ணி பட்டா உயிர் போவுது காசி. தண்ணி ஆவாதவன் சுத்தமான மண்ணையோ கல்லையோ தொட்டுத் தொழலாம். மரம் ஆவாது. இங்க மண்ணு பூரா தோல் கழிவு. சொரசொரப்புக் கல்லை இந்தக் கை தாங்காது. வெளிய சொன்னா வேலை போயிடும்.”

காசி தலையைக் குனிந்தான். “அப்ப என் கல்லு தேறல. திங்கக்கிழமையும் குழிதானா பாய்?”

“இல்ல, இங்கதான் வர்றே. உன் விரல் உரியறது கல்லு தேய்ச்சதால இல்லடா. எனக்கும் அந்தச் சுண்ணாம்புக் குழியில இப்படித்தான் ஆரம்பிச்சுது.”