படத்தில் வந்த பிள்ளை

"என்னது, படம் பிடிக்கல்லியா? ஒனக்கு மண்டைக்கு ஏதும் ஆயிருச்சா?"

பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள் அஷ்வினி. அழுத சிவப்பு அவள் கண்களில் இன்னும் போகவில்லை. மூன்று வாரமாகக் கண்டி டவுனில் எல்லோர் வாயிலும் அந்தப் படம்தான். இன்று கடைக்கு லீவு. காலைக் காட்சிக்குக் கிருஷாந்தியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். இருவருக்கும் ஒரே புடவைக் கடையில் வேலை. அஷ்வினி வந்து சேர்ந்து நான்கு மாதம்தான்.

"பிடிக்கல்ல. அவ்வளவுதான்," என்றாள் கிருஷாந்தி, வெளியே பார்த்தபடி.

"மகள் மேல கை வச்சவன அந்த அப்பா நடுரோட்டுல வெட்டுறாரே, தியேட்டரே எழும்பி நின்னு கை தட்டுச்சி. நீ மட்டும் குனிஞ்சிட்டு இருந்த. நான் பாத்தேன்."

"அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சின்னு ஞாபகம் இருக்கா?"

"எந்தப் பிள்ள?"

"பாத்தியா! அந்த மகள்தான். 'வேணாம்ப்பா, பொலிசுக்குப் போவோம்'னு சொன்னா. அதுக்குள்ள அவரு கத்திய எடுத்துட்டாரு, பாட்டும் வந்திருச்சி. அதுக்குப் பொறகு அவகிட்ட யாருமே ஒண்ணும் கேக்கல்ல."

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? அவளுக்காகத்தானே செஞ்சாரு!"

"அவளுக்காகவா?" கிருஷாந்தியின் குரல் தாழ்ந்தது. "அந்த நேரத்துல அவளுக்குத் தேவைப்பட்டது, அப்பா பக்கத்துல இருக்கிறதுதான். அவரு போயிட்டாரு. அம்மா தனியா தேயிலக் கொழுந்து பறிச்சா. ரோட்டுல போனா, 'இந்தா போறா, இவளாலதான் கொல விழுந்திச்சி'ன்னு கை காட்டுவாங்க. பள்ளிக்கூடத்துல ஒருத்தியும் பக்கத்துல உக்கார மாட்டா. கடைசியில தோட்டத்த விட்டே கெளம்பணும்."

"இதெல்லாம் படத்துல வரல்லியே!"

"வரல்லதானே. அதான் பிடிக்கல்ல."

அஷ்வினி உதட்டைச் சுழித்தாள். "ஒனக்குக் கல்லு மனசு. அப்பிடி ஒரு அப்பா கெடச்சிருந்தா அருமை தெரிஞ்சிருக்கும்."

கிருஷாந்தி மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

குண்டசாலையில் இறங்கும்போது அஷ்வினிக்கே மனம் கேட்கவில்லை போலும். கிருஷாந்தியின் தோளைத் தொட்டாள். "கோவமா? நீ எங்க எறங்குற?"

"கோவமெல்லாம் இல்ல. நான் அப்பாவப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

"அவருகிட்ட கதையச் சொல்லு. அவருக்குக் கட்டாயம் பிடிக்கும்."

பல்லேகலையில் கிருஷாந்தி இறங்கினாள். பெரிய மதிலோரமாக நடந்து போய் வரிசையில் நின்றாள். அடையாள அட்டையைக் காட்டினாள். பையைச் சோதிக்கக் கொடுத்தாள். அரை மணித்தியாலம் கழித்துப் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம், பதின்மூன்று வருடச் சிறைவாசத்தில் தலை முழுக்க நரைத்துப்போன அவள் அப்பா செல்லச்சாமி வந்து நின்றார்.

"மகள், புதுசா ஒரு படம் வந்திருக்காமே? போன கெழம உள்ள வந்த பயலுக கதை சொன்னானுக. கேட்டுட்டு எல்லாரும் என்னையத்தான் பாத்தானுக. 'அண்ணே, இது ஒங்க கதை'ன்னு ஒருத்தன் கால்ல விழுந்து கும்பிட்டான்." அவர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது. "நீ பாத்தியா? நல்லா இருந்திச்சா?"

வலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"ரொம்ப நல்லா இருந்திச்சிப்பா," என்றாள் கிருஷாந்தி. "எல்லாரும் எழும்பி நின்னு கை தட்டினாங்க. நானுந்தான்."