கேப்பர் முளை

மொட்டைமாடியில் விடிந்துகொண்டிருக்கிறது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்கிறது. கீழே பெட்டி கட்டித் தயாராக இருக்க, கப்பல் சமையல்காரனான ஜோன்ஸ் பழைய பெயிண்ட் வாளியின் முன் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். சிசிலித் துறையில் வாங்கிவந்த கேப்பர் விதைகளை அதில் நட்டிருக்கிறான். மொட்டைப் பறித்து உப்பில் ஊறவைத்துத் தின்கிற முள்செடி அது. குளிர் பட்டால்தான் முளைக்கும் என்று, நடுமுன் ஈரத்துணியில் சுற்றி, ஃபிரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் வைத்திருந்தும் ஒன்றும் முளைக்கவில்லை. புறப்படுவதற்குள் ஒன்றையாவது பார்த்துவிட நினைக்கிறான்.

“மண்ணு சொதசொதன்னு கெடக்கு. என்னளா ஊத்துன?”

மனைவி சுஜிதா நைட்டி ஓரத்தைத் திருகுகிறாள். “மாதா கோயில் தீர்த்தம். தெனம் ரெண்டு சொட்டு.”

“ரெண்டு சொட்டா? இதுல மீனே வளக்கலாம்.”

“ஒங்களுக்குத் தெளிச்சா மட்டும் பத்திரமா திரும்பி வாரீயள்லா?”

அவன் சிரித்துக்கொண்டே மண்ணைக் கிளறுகிறான். விரல் நிற்கிறது. ஓரத்தில், ஈரம் எட்டாத இடத்தில், விதைத் தோலை இன்னும் தலையில் சுமந்தபடி ஒரு முளை நிற்கிறது. சுஜிதாவும் பக்கத்தில் குனிந்து பார்க்கிறாள். கீழே கார் ஹாரன் அடிக்கிறது. கடலுக்குப் போகும்போதெல்லாம் செய்வதுபோல, சுஜிதா அவன் தலையில் தீர்த்தம் தெளிக்கிறாள். ஜோன்ஸ் முளையின் மேல் உள்ளங்கையைக் கவிக்கிறான். துளிகள் அவன் புறங்கையில் விழுந்து நிற்கின்றன.