வண்டிய ஸ்டேஷனுக்கு விடு!

“இவன்தாங்க! போர்வைக்காரன்! புடிங்க!”

யாரோ கத்திய அடுத்த நொடி, கருப்பண்ணன் விட்ட அறை பஸ் முழுக்கக் கேட்டது.

ஏரியூரிலிருந்து தர்மபுரி போகிற காலை நேரத்து பஸ். மூச்சு விட இடமில்லாத கூட்டம். நடுவில் நின்றிருந்த காவியா, “ச்சீ, கைய எடு!” என்று அலறிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். அவளுக்குப் பின்னால், தோளில் போர்வை மூட்டையோடு ஒரு வடநாட்டுக்காரன். அவன் கை அவள் இடுப்புக்குப் பக்கத்தில் நீண்டிருந்தது. இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும்?

காவியா, கருப்பண்ணனுக்குப் பக்கத்து வீட்டுப் பெண். அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. தர்மபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அனுப்பத் தயங்கிய அவள் அப்பாவிடம், “நானும் தெனமும் அதே பஸ்ஸுலதான் போறேன். அவளுக்கு நானாச்சு” என்று பொறுப்பேற்றுக்கொண்டவரே அவர்தான். ரத்தம் கொதிக்காமல் இருக்குமா?

“போர்வ விக்க வந்தவன், எங்க வூட்டுப் பொண்ணு மேலயே கை வெக்கிறியா?” இன்னொரு அறை.

“நான் இல்ல அண்ணா... நான்...” உதடு கிழிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

“பெரியப்பா, இவரு...” காவியா அழுகைக்கு நடுவே ஏதோ சொல்ல வந்தாள்.

“நீ அழாத கண்ணு. பெரியப்பா பாத்துக்கறேன்.”

கண்டக்டர் அன்பு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “அடிக்காதீங்கண்ணா. இங்கயே எறக்கி வுட்டுடலாம்.”

“எறக்கி வுடறதா? சட்டம் தெரியுமா உனக்கு? பஸ்ஸுல ஒரு பொண்ணு புகார் சொன்னா, வண்டிய நேரா பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் ஓட்டணும்!”

போன மாதம் பஞ்சாயத்து ஆபீஸில் நடந்த சட்ட முகாமில் கேட்டது. மற்றவர்கள் டீயும் பிஸ்கட்டும் முடிந்ததும் நழுவிவிட்டார்கள். கருப்பண்ணன் மட்டும் முதல் வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் நின்றிருந்த உரக்கடை தீர்த்தகிரி மெல்லச் சொன்னார்: “பாவம், பொழைக்க வந்தவன். ரெண்டு போடு போட்டாச்சில்ல? எறக்கி வுடுங்கப்பா. பொண்ணு பேரும் வெளிய வராது.”

யூரியாவுக்கு ஊரே அலைகிற காலத்திலும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர் தீர்த்தகிரி. அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. இன்றைக்கு மட்டும் எடுபடவில்லை.

“உங்களுக்குப் பெரிய மனசுங்க. அதுக்காக இவன வுட்டுட்டா, நாளைக்கு எந்தப் பொண்ணு தைரியமா பஸ் ஏறும்? அன்பு, வண்டிய ஸ்டேஷனுக்கு விடு!”

“விடு! விடு!” பஸ்ஸே சேர்ந்து கத்தியது. வேலைக்கு நேரமாகிறதே என்று ஒருத்தர்கூட முனகவில்லை. கருப்பண்ணனுக்குத் தன் ஊரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் பஸ் நின்றது. போர்வைக்காரனைச் சட்டையைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். சத்தம் கேட்டு எஸ்.ஐ. நிர்மலாதேவி வெளியே வந்தார். ஆளாளுக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள்.

“எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. நீ சொல்லும்மா.”

காவியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவரு இல்லீங்க மேடம். என் இடுப்புல வெச்ச கையப் புடிச்சு இழுத்து வுட்டவரு இவரு. அதத்தான் அப்ப இருந்து சொல்ல வர்றேன். யாரும் காதுல வாங்கல.”

“அப்ப கை வெச்சது யாரு?”

சத்தமில்லாமல் மறுபடி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த ஆளை அவள் விரல் காட்டியது. “அதோ, உரக்கடைக்காரரு. இன்னிக்கு மட்டும் இல்லீங்க மேடம். ஒரு வாரமா எங்க நின்னாலும் பின்னால வந்து நிக்கறாரு.”

“நீங்க கீழ எறங்குங்க” என்றார் எஸ்.ஐ.

தீர்த்தகிரி இறங்கினார்.

கருப்பண்ணன் காவியாவின் பக்கம் நகர்ந்தார். “கண்ணு... கூட்ட நெரிசல்ல தெரியாமப் பட்டிருக்கும். நம்மூரு மனுசன் போயி அப்படிப் பண்ணுவாரா?”

“இவர அடிக்கும்போது அது உங்களுக்குத் தோணலியே பெரியப்பா?”



“பக்கத்துல நின்னு பாத்தது யாரு? சாட்சிக்குப் பேரு குடுங்க” என்றார் எஸ்.ஐ.

“நான் முன்னால டிக்கெட் போட்டுட்டு இருந்தேன் மேடம்” என்றார் அன்பு. ஒருத்தருக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. இன்னொருத்தருக்கு ஆஸ்பத்திரி. ஐந்து நிமிடம் முன்பு தொண்டை கிழியக் கத்தியவர்கள், இப்போது முண்டியடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். நடவு முடிந்து மேலுரம் போடுகிற நேரம். உரக்கடையைப் பகைத்துக்கொள்ள எவருக்குத் துணிச்சல் வரும்?

கருப்பண்ணனுக்கும் இரண்டு ஏக்கர் நெல் இருந்தது.

“பெரியப்பா?” காவியா கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை. “வண்டிய எடுப்பா அன்பு, நேரமாவுது” என்றபடி படியில் கால் வைத்தார்.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். போர்வைக்காரர் மட்டும் ஏறவில்லை. மூட்டையைக் காவியாவின் பக்கத்தில் இறக்கி வைத்தார். உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“நான் பாத்துச்சு மேடம். என் பேரு எழுதுங்க.”