தினம் நூறு தலை

சக்கர நாற்காலியில் மூன்றாவது முறையாக வந்த அந்த அம்மாளை எண்ணுவதா வேண்டாமா என்று ஆலோசகர் ஒரு கணம் தயங்கினார்.

அந்த அம்மாளே சந்தேகத்தைத் தீர்த்து வைத்தார்.

"என்ன தம்பி, காலையிலேருந்து இங்கயேதான் உக்காந்திருக்கீங்க. சாப்பிட்டீங்களா இல்லையா?"

நாற்காலியைத் தள்ளி வந்தவர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

ஆலோசகர் கையிலிருந்த எண்ணும் கருவியை மடியில் வைத்தார். நூற்றுப் பதினான்கு என்று காட்டியது.

ஒரு நாளைக்கு இரண்டே விமானம் வந்து போகும் சின்ன விமான நிலையம் அது. அதை நடத்துவதா, மூடுவதா என்று அரசுக்குச் சொல்வதுதான் அவருக்கு இட்ட வேலை. தினம் நூறு பயணிகளாவது வந்தால் பிழைக்கும், குறைந்தால் பூட்டு. விமானக் கம்பெனிகள் நீட்டும் டிக்கெட் பட்டியலை அவர் நம்புவதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தானே தலையை எண்ணுவார். பதினோரு நாடுகளில் அப்படித்தான் எண்ணியதாகச் சொல்லிக்கொள்வார்.

காலையிலேயே அவருக்கு லேசாக உறுத்தியது. கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் பச்சைப் பெட்டியோடு உள்ளே போனார். கால் மணி நேரத்தில் அதே பெட்டி, தொப்பி வைத்தவர் ஒருவரோடு வந்தது. அப்புறம் கறுப்புக் கண்ணாடிக்காரரோடு. தொப்பிக்கும் கண்ணாடிக்கும் கீழே மீசை மட்டும் மாறவேயில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்து நின்ற விதத்திலேயே பாதி ஒப்புதல் இருந்தது.

"அந்த அம்மா யாரு?"

"என் மாமியார் சார்."

"நடக்க முடியாதவங்களா?"

"நல்லா நடப்பாங்க. நாற்காலி இல்லேன்னா வரமாட்டேன்னுட்டாங்க."

மீசைக்காரர் மேனேஜரின் மச்சான். கடைவீதியில் தையல் கடை வைத்திருப்பவர். மற்றவர்களில் துப்புரவுப் பெண்களின் கணவர்மார் நாலு பேர், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், கேன்டீன்காரரின் சகலை குடும்பம் மொத்தமும். வாசல் வழியாக உள்ளே போய், கேன்டீன் பின்கதவால் வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி மறுபடியும் வாசல். பெட்டி எல்லாவற்றிலும் தலையணை. பாதுகாப்புச் சோதனை வரை யாரும் போகவில்லையாம். அந்த மட்டில் சட்டத்தை மதித்திருக்கிறார்கள்.

நிஜப் பயணிகள் முப்பத்தொன்பது பேர் என்று மேனேஜரே சொன்னார்.

"மூடிட்டா அறுபத்திரண்டு பேருக்கு வேலை போயிடும் சார். அதைக்கூட விடுங்க. வாரத்துக்கு ரெண்டு நோயாளியாவது ஸ்ட்ரெச்சர்ல இந்த விமானத்துலதான் பெரியாஸ்பத்திரிக்குப் போறாங்க. ரோட்டுல போனா பதினோரு மணி நேரம். எல்லாரும் போய்ச் சேர்றதில்ல."

ஆலோசகர் இளகவில்லை. மேனேஜரைத் தன் அறைக்கு அழைத்துப் போய் அரை மணி நேரம் பேசினார். உண்மை எவ்வளவு கசந்தாலும் எண் எண்தான் என்றார். இரக்கப்பட்டு ஆளாளுக்கு எண்ணை மாற்றினால் நாடு எப்படி உருப்படும் என்று கேட்டார். கண்ணால் பார்க்காத எதையும் தான் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை என்று முடித்தார்.

மேனேஜர் தலை குனிந்தபடியே இருந்தார். வெளியே மாமியார் நாற்காலியை விட்டு இறங்கி, விறுவிறுவென்று கேன்டீனுக்கு நடந்து போவது ஜன்னல் வழியே தெரிந்தது.

ஆலோசகர் பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். இருநூறு பக்கம், அட்டை போட்டுத் தைத்தது. பயணிகள் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அதில் பென்சிலால் முப்பத்தொன்பது என்று எழுதி, 'படித்துப் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்.

இருபத்தாறு வருட உத்தியோகத்தில் மேனேஜருக்கு ஒரு பழக்கம் படிந்திருந்தது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். வேலையே போகிற காகிதமானாலும் சரி. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

எழுபத்திரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"சார், ஒரு சின்ன சந்தேகம். ஓடுபாதையோட கிழக்கு முனையைக் கடல் அரிக்குது, உடனே தடுப்புச் சுவர் கட்டணும்னு போட்டிருக்கு."

"ஆமா." ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார். "தள்ளிப் போடாதீங்க. நிலைமை ரொம்ப மோசம்."

"கடல் இங்கேருந்து நானூறு கிலோமீட்டர் சார்."

ஆலோசகர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் மணி பார்த்த மாதிரியும் தெரியவில்லை.

மேனேஜர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மீன்பிடிப் படகுகளின் விளக்கு விமானிகளைக் குழப்புகிறதாம். அதற்கும் அடுத்த பக்கத்தில், ஓடுபாதையில் ஏறும் நண்டுகளை விரட்ட இரண்டு ஊழியர்கள் தேவையாம். அவர் குரல் உயர்த்தவில்லை. வரிகளின் மேல் விரலை மட்டும் வைத்துக் காட்டினார்.

பதினோரு நாடுகளில் எந்த நாட்டுக் கடல் அது என்பது ஆலோசகருக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து அறிக்கையை மெல்லத் தன் பக்கம் இழுத்து, பென்சில் முனையிலிருந்த ரப்பரால் முப்பத்தொன்பதை அழித்தார்.

"நூத்துப் பதினாலுன்னே போட்டுடறேன். நமக்குள்ள இருக்கட்டும்."

"போடுங்க சார்," என்றார் மேனேஜர், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தபடி. "ஆனா கடலை மட்டும் எடுத்துடுங்க. நாளைக்கு யாராவது சரிபார்க்க வந்தா, பயணியா நடிக்க எங்ககிட்ட ஆள் இருக்கு. கடலா நடிக்க இல்ல."