மீட்டரின் சிவப்புப் புள்ளி

எல்லா ப்ளக்கையும் பிடுங்கிய பிறகும் மின் மீட்டரின் சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டே இருந்தது. வாசலில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த கணவன் உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தான்.

"ஏதோ ஒண்ணு இன்னும் கரண்ட் இழுக்குதும்மா."

"டிவி, ஃப்ரிட்ஜ், உங்க சார்ஜர் எல்லாம் பிடுங்கியாச்சு. இனி உங்களைத்தான் பிடுங்கணும்."

அவன் சிரிக்கவில்லை. "பாப்பா ரூம்ல பாரு. எதுவா இருந்தாலும் அணைச்சிட்டு வா."

மகள் இறந்ததுமே காலி செய்த அறை அது. பல்பைக்கூடக் கழற்றியிருந்தார்கள். மனைவி கதவைத் திறந்தாள். மூலையில் மட்டும் தரை காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். இரண்டு சின்னத் தோள்கள் அவற்றுக்குள் வந்து பொருந்தின.

"நின்னுடுச்சு," என்று வாசலிலிருந்து கேட்டது. "என்னத்த அணைச்ச?"

அவள் கைகளை எடுக்கவில்லை.