ஏரியல் கம்பியில் துணி

“திருட்டுப் பய! வரி, வரின்னு சொல்லியே என் பொண்டாட்டி தோட்டை முழுங்கிட்டான்!”

கண்ணுச்சாமி இதைத் தெருவில் நின்று சொல்லவில்லை. ஹாம் ரேடியோவில் சொன்னார். சாயங்காலமானால் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுகிற அத்தனை பேரும் கேட்டார்கள்.

“அண்ணே, ஆள் இல்லாதப்ப அவரைப் பேசாதீங்க. அதுவும் எல்லாரும் கேக்குற ரேடியோவுல” என்று எங்கிருந்தோ ஒரு குரல் அடக்கியது.

“ஏன் ஆள் இல்ல? தினம் பேர் சொல்லிக் கூப்பிடுறோம், பதிலே இல்லையே. முழுங்குன வாய் எப்படித் தொறக்கும்?”

போடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அன்வர் பாயைத்தான் அப்படிச் சொன்னார்.

கண்ணுச்சாமி மலைச்சரிவில் ஓர் ஏலத்தோட்டத்து சூப்பர்வைசர். அங்கே போன் எடுக்காது. மழையில் வழுக்கி யாருக்காவது கால் ஒடிந்தால், ஜீப்பைக் கூப்பிட ஒரு ஆள் கீழே இறங்கி ஓட வேண்டும். அதைக் கேள்விப்பட்ட பாய்தான், தானும் ஹாம் ரேடியோக்காரர் என்பதால், அவரை அதற்கான பரீட்சை எழுத வைத்து, லைசென்ஸ் வாங்க வைத்து, ஜப்பானிலிருந்து பழைய ரேடியோ செட்டு ஒன்றை வரவழைத்தும் கொடுத்தார்.

விலையைக் கண்ணுச்சாமி முதலிலேயே கொடுத்துவிட்டார். அப்புறம் சுங்கவரி என்று பாய் கேட்டபோது கையில் ஒன்றுமில்லை. மனைவி சோலையம்மாள் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காது தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

செட்டு வந்தபாடில்லை. மாசக்கணக்கில் இழுத்து ஒருவழியாக வந்தது. வந்த நாளிலிருந்து ரேடியோவில் பாயின் குரலைக் காணோம்.

போதாததற்கு, தோட்டத்தில் கூட வேலை பார்க்கும் சிலமலைக்காரன் அன்புச்செல்வன் வத்தி வைத்தான்.

“மாமா, என் கூட்டாளி துபாய்லருந்து இதே செட்டைத் துணிக்கு நடுவுல வச்சுக் கொண்டாந்துட்டான். அஞ்சு பைசா வரி இல்ல. உங்களுக்கு மட்டும் எப்படி இம்புட்டு?”

அடுத்த வாரம் ராசிங்காபுரத்தில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். குச்சிக் காதோடு வரமாட்டேன் என்று சோலையம்மாள் சொல்லிவிட்டாள்.

ரேடியோவில் அப்படிப் பேசிய மறுநாள் காலையில் கண்ணுச்சாமியும் அன்புச்செல்வனும் ஜீப் பிடித்துப் போடிக்கு இறங்கினார்கள்.

பாய் வீட்டு வாசலிலேயே அன்புச்செல்வன் சிரித்தான்.

“மாமா, மேல பாருங்க.”

மொட்டைமாடியில் பாயின் ரேடியோ ஏரியல் கம்பி. அதில் கைலியும் சேலையும் காய்ந்தன.

“காக்கா உக்காந்தாலே விரட்டுவாரு. இப்ப கொடிக்கயிறா ஆயிருச்சு. காசு கைக்கு வந்துருச்சுல்ல, இனி ரேடியோ எதுக்கு?”

கதவைத் திறந்தது பாயின் மனைவி மதீனா.

“வாங்கண்ணே. அவுக பள்ளிவாசலுக்குப் போயிருக்காக, வந்துருவாக. சோலை மதினி நல்லாருக்காகளா?”

“இருக்கா, காதுல குச்சியோட. வரி போக மிச்சக் காசை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன் தங்கச்சி.”

மதீனா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“மிச்சம் எங்கண்ணே? நீங்க குடுத்தது வரிக்கே சரியாப் போச்சு. அதுக்கு மேலதான் வந்துச்சு.”

“மேல என்ன வந்துச்சு?”

“வெளிநாட்டு செட்டுக்கு மொதல்ல அனுமதிச் சீட்டு வாங்கணுமாம். அது கைக்கு வர்றதுக்குள்ள இவுக ஜப்பான்காரன்ட்ட அனுப்பச் சொல்லிட்டாக. மழைக்கு முந்தி உங்க தோட்டத்துக்குச் சேரணும்னு அவசரம். பெட்டி வந்துருச்சு, சீட்டு வரல. கஸ்டம்ஸ் கிடங்குலயே கெடந்துச்சு. அபராதம், கிடங்கு வாடகைன்னு ஏறிக்கிட்டே போச்சு.”

“என்ட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான?”

“நானும் சொன்னேன். ‘அவசரப்பட்டது நான், அவன் எதுக்குக் குடுக்கணும்? சொன்னா செட்டே வேணாம்னுருவான்’னாக.”

“அப்ப அந்தக் காசு?”

மதீனா மூலையில் இருந்த மேசையைக் காட்டினாள். பாயின் செட்டு இருந்த இடம் மட்டும் சதுரமாக, பளிச்சென்று இருந்தது.

“உங்க செட்டை மீட்கத்தான் அவுக செட்டை வித்தாக.”

அன்புச்செல்வன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேசை ஓரத்தில் துண்டு போட்டு மூடிய ஒரு பழைய பெட்டி இருந்தது. கண்ணுச்சாமி அதையே பார்த்தார்.

“இது என்ன தங்கச்சி?”

“பழைய ரேடியோண்ணே. இதுல பேச முடியாது, கேக்க மட்டுந்தான் முடியும். சாயங்காலமானா கடையைக்கூட என்ட்ட விட்டுட்டு, இது முன்னாடி வந்து உக்காந்துருவாக. நீங்கள்லாம் அவுக பேரைச் சொல்லிக் கூப்பிடுவீகள்ல, அப்ப ‘இருக்கேன், இருக்கேன்’னு தனியாப் பதில் சொல்லிக்குவாக.”

கண்ணுச்சாமி துண்டை விலக்கிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

“நேத்து... நேத்தும் கேட்டாரா?”

“கேட்டாக.”

“நான் பேசுனதை?”

“முழுசாக் கேட்டாக.”

“என்ன சொன்னாரு?”

மதீனா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

“‘அம்புட்டு உயரத்துலருந்து பேசுறான், பக்கத்துல நிக்கிற மாதிரி எம்புட்டுத் தெளிவாக் கேக்குது பாரு! இனி மழைக்குப் பயமில்ல’ன்னாக.”