பித்தப்பை வரவில்லை

“அல்லா மேல சத்தியமா டாக்டரம்மா, பச்சத் தண்ணிகூட பல்லுல படல!”

ஸ்கேன் மேடையிலிருந்து இறங்கிய நூர் அகமது, தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். திண்டுக்கல்லில் ஊரறிந்த பிரியாணிக் கடைக்காரர் அவர். ஊரார் வயிற்றையெல்லாம் நிறைத்தவர், இப்போது தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

டாக்டர் தமிழ்மதி கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

“இங்க பாருங்க பாய். ஒரு மணி நேரமா படம் எடுத்திருக்கோம். முதல்ல போட்ட மருந்து கல்லீரலுக்குப் போயிருச்சு. அங்கேருந்து குடலுக்கும் இறங்கிருச்சு. பித்தப்பைக்குள்ள மட்டும் ஒரு சொட்டுகூடப் போகல. படத்துல பையே தெரியல.”

“என் பித்தப்பையும் எங்க கடை சப்ளையர் மாதிரிதான்மா. கூப்பிட்டா வராது.”

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நூர் அகமதுவின் மனைவி குர்ஷித் பேகம், முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்ப, ரெண்டாவது ஊசி ஒண்ணு போடணும்னீங்களே?” என்று குர்ஷித் பேகம் கேட்டார்.

“அது பித்தப்பையைச் சுருங்க வைக்கிற ஊசிம்மா. நெய்யும் கறியுமா சாப்பிட்டா உடம்புக்குள்ள என்ன நடக்குமோ, அதையே அந்த மருந்து நடத்திக் காட்டும். பை எவ்வளவு நல்லா சுருங்குதுன்னு அளந்து பார்ப்போம். ஆனா பை நிறைஞ்சாத்தானே பிழிஞ்சு பார்க்க முடியும்? நிறையவே இல்லன்னா, பாதை அடைச்சிருக்கலாம். ஆபரேஷன் பண்ணி எடுக்க வேண்டி வரலாம். சர்ஜன்கிட்ட பேசிப் பார்க்கிறேன்.”

ஆபரேஷன் என்றதும் நூர் அகமது அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

குர்ஷித் பேகத்துக்கு அழுகை வந்துவிட்டது. “மூணு மாசமா இவருக்கு எண்ணெயக் கண்ணுலயே காட்டலம்மா. காலையில இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி கஞ்சி. அம்புட்டுப் பத்தியம் இருந்தும், தினமும் கடை திறந்த செத்த நேரத்துல நெஞ்சுக்குழியில வலி புடிச்சுக்குது. நேத்து ராத்திரி குடிச்ச கஞ்சியோட சரி. வீட்ல இருந்தா பசிக்கும்னு விடியக்காலையிலயே கடைக்குப் போனாரு. அங்கேருந்து நேரா இங்க கூட்டியாந்துட்டேன்.”

“ஒருநாளாச்சும் நம்ம பிரியாணிய இலையில போட்டுத் தின்னுருப்பேனா?” என்றார் நூர் அகமது. “வெளிய சொன்னா வெக்கக்கேடு. கடைக்காரனே திங்காத பிரியாணிய எவன் திம்பான்? கல்லாவுக்கு அடியில இட்லிய ஒளிச்சு வச்சுத் திங்கிறேன்மா, சொந்தக் கடையில திருட்டுப்பய மாதிரி!”

அந்த நேரம் பார்த்து அவருடைய செல்போன் அடித்தது. கடையிலிருந்து மகன்.

“ஏலே வாஜித், மூணாவது அண்டாவுல அரிசி போட்டாச்சா? அதுக்கு முந்தி உப்பு ஒரு பிடி போடச் சொன்னேனே, போட்டியா? மொத ரெண்டு அண்டாவும் கனகச்சிதம்டா. அதுலதான் கம்மி. சரி சரி, வையி. இங்க என் கறியவே அறுக்கப் போறாங்க.”

“பாய், செல்லை அணைச்சு வைங்க” என்று கடுப்பாகச் சொல்லிவிட்டு, தமிழ்மதி மேஜையில் இருந்த தொலைபேசியை எடுத்தார்.

நூர் அகமது மனைவி பக்கம் கையை நீட்டினார். “பாரு, எப்படி நடுங்குதுன்னு. எத்தனை ஆட்ட உரிச்ச கை! தனக்குன்னு வந்ததும் என்னா வீரம் பாரு.”

“எம்மேலதான் தப்பு. இட்லிக்குச் சட்னி வச்சேனே, அதுல தாளிச்ச எண்ணெய்தான் சேரலையோ என்னமோ.”

“உன்னையச் சொல்லாத புள்ள. நீ பட்டினி போட்டுக்கூட இந்த உடம்பு திருந்தல. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கடைய விட்றாதீங்க. வாஜித்துக்குப் பக்குவம் பத்தாது. பக்கத்துல நின்னு சொல்லிக்குடு.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. குர்ஷித் பேகம் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சர்ஜனின் எண்ணைப் பாதிவரை அழுத்திய தமிழ்மதி, தொலைபேசியைக் கீழே வைத்தார்.

“பாய், மூணாவது அண்டாவுல உப்பு கம்மின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அந்த நிலையிலும் நூர் அகமதுவுக்குச் சிரிப்பு வந்தது. “நல்லாக் கேட்டீங்க போங்க! ஒவ்வொரு அண்டாவுலயும் ஒரு கரண்டி மசாலாவ உள்ளங்கையில வாங்கி உறிஞ்சிப் பாக்கணும். வெந்துச்சான்னு, கொழுப்போட ஒரு துண்டு கறிய மென்னு பாக்கணும். கடை ஆரம்பிச்ச நாள்லேருந்து நான் பாக்காம எந்த அண்டாவுலயும் அரிசி விழுந்ததில்ல. காய்ச்சல்னாலும் விட்டதில்ல!”

குர்ஷித் பேகத்தின் அழுகை சட்டென்று நின்றது. பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். “தினமுமா?”

“அது சாப்பாடு இல்ல புள்ள. உப்புப் பாக்குறது…” என்ற நூர் அகமதுவின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

தமிழ்மதி, எடுத்து வைத்திருந்த ஊசி மருந்தை மறுபடியும் ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். “உங்க பை ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கு பாய், அதான் நிறையல. நாங்க போட வேண்டிய மருந்தை, நீங்களே விடியக்காலையில அண்டாவுக்கு ஒரு டோஸ்னு போட்டுட்டு வந்திருக்கீங்க!”